முடிவு தெரிந்த கதையை விடிய விடிய ஏன் கேட்கிறோம்?

சித்தூர்ப்புழை:

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியைப் பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

திரைக்கதை எழுதச் சொல்லித்தரும் காணொளிகளை என் மகன் நிறையப் பார்க்கிறான். நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன். யார் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் இருந்தால் கதை நிற்கும், இல்லாவிட்டால் விழும்.

சரி, அப்படியானால் திரையில் பாவைகளின் நிழல் விழ நடக்கும் தோல்பாவைக்கூத்தை எதில் சேர்ப்பது? ஷொரணூர், ஒற்றப்பாலம் சுற்றுவட்டாரத்துப் பகவதி கோயில்களில் தை மாதம் தொடங்கி வைகாசி வரைக்கும் நடப்பது. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று நிரந்தரமாகவே ஒரு கட்டடம் இருக்கும், ஏறக்குறைய 42 அடி நீளம். திரைக்குப் பின்னால் தேங்காய் முறிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு ஏற்றுவார்கள். மான் தோலில் செய்த பாவைகள். பாடுவது கம்பராமாயணப் பாட்டு. பாடிவிட்டுச் சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு. கோயிலைப் பொறுத்து 7 இரவு, 14 இரவு, 21 இரவு, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். இராவணன் சாகப்போகிறான் என்று கோயில் வாசலில் கடலை விற்கிறவருக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம், பல இரவுகளில் மாடத்துக்கு முன்னால் மனிதர்களே இருக்க மாட்டார்கள். கூத்து பகவதிக்காக நடப்பது. இராமன் இராவணனை வதைத்தபோது பத்திரகாளி தாரிகனோடு போரில் இருந்தாள், அதனால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் போனது, அவள் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் நடத்துகிறோம் என்பது ஐதீகம்.

நான் கேட்ட ஓர் இரவைச் சொல்கிறேன். வீடணன் அடைக்கலம். "குகனொடும் ஐவர் ஆனேம் முன்பு" என்ற பாட்டு. குகனைச் சேர்த்து ஐந்து பேர் ஆனோம், சுக்கிரீவனைச் சேர்த்து ஆறு, உன்னைச் சேர்த்து ஏழு என்று இராமன் வீடணனிடம் சொல்லும் இடம். பாட்டு முடிந்ததும் ஒரு பாவை சந்தேகம் கேட்டது: வேடன் ஒரு தம்பி, வானரம் ஒரு தம்பி, அரக்கன் ஒரு தம்பி என்று இவர் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே போகிறாரே, ஊரில் இருக்கும் பரதன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? பாவை ஆட்டிப் பாடுகிறவர்களைப் புலவர் என்போம்; இன்னொரு புலவர் பதில் சொல்ல அயோத்தியா காண்டத்துக்கே போய்விட்டார். அங்கே பரதன் கோசலையிடம் குகனை அறிமுகப்படுத்தும்போது "இலக்குவற்கும், இளையவற்கும், எனக்கும், மூத்தான்" என்று சொல்லியிருக்கிறான். தம்பியாக வந்தவனை அண்ணன் ஸ்தானத்தில் வைத்துவிட்டான் பரதன், அவனா வருத்தப்படுவான் என்றார். அதிலிருந்து உறவு என்றால் என்ன, அடைக்கலம் என்றால் என்ன என்று பேச்சு நீண்டு, மணி போனதே தெரியவில்லை. கதையில் நடந்தது என்று பார்த்தால், வீடணன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

என் எண்ணம் இதுதான். சம்பவங்களின் வரிசையைக் கதை என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கோட்பாடுகள், கதை சொல்லுதலில் பாதியைத் தவறவிடுகின்றன. சொல்கிறவர் எங்கே நின்று விரிக்கிறார், யாருக்காக விரிக்கிறார் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. உங்கள் ஊர்களில் எப்படி என்று எழுதுங்கள்.

வாளையாறு:

புழை அண்ணா, அருமையாகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனாலும் ஆவலை இப்படி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயிரத்தொரு இரவுகளில் ராஜாவுக்குக் கதை சொல்லும் ஷஹ்ராசாத் உயிர் பிழைத்ததே பாதியில் நிறுத்தியதால்தான். ஒவ்வொரு விடியலிலும் கதை அந்தரத்தில் நின்றது, ராஜா அடுத்த இரவு வரைக்கும் அவளை விட்டுவைத்தான். நம் வேதாளம் என்ன செய்கிறது? கதையைச் சொல்லி முடித்து ஒரு புதிர் போடும். விக்கிரமாதித்தன் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் திரும்ப மரமேறிவிடும். இதைக் கட்டியவனுக்கு ஆவலின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. தமிழில் பத்திரிகைத் தொடர்கதை ஒரு தலைமுறையையே பிடித்து வைத்திருந்ததும் "தொடரும்" என்ற ஒரு வார்த்தையால்தான். பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்தது. இதழ் வரும் நாளுக்காகக் காத்திருந்ததை எங்கள் அம்மாச்சி கதை கதையாகச் சொல்வார்.

கோயிலில் தெய்வத்துக்காக நடப்பது வழிபாடு. அதை வைத்துக்கொண்டு கதைக்கெல்லாம் பொதுவாக விதி சொல்ல முடியுமா?

குப்பத்து டீச்சர்:

நான் ஆந்திராவில் குப்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இந்தக் கோட்பாடுகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் நிழலோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

சம்பவங்களின் அமைப்புதான் முதன்மை என்று அரிஸ்டாட்டில் சொன்னது துன்பியல் நாடகத்தைப் பற்றி. விளாதிமிர் ப்ராப் 1928-ல் ரஷ்ய மாயக்கதைகள் 100-ஐ எடுத்து அலசினார். அரக்கன் யாராக இருந்தாலும், இளவரசி யாராக இருந்தாலும், நிகழும் செயல்கள் 31 வகைக்குள் அடங்குகின்றன, அவை வரும் வரிசையும் மாறுவதில்லை என்று காட்டினார். அது பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அவர் ரஷ்ய மாயக்கதையைத் தாண்டி வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டை விட்டுப் போய், வென்று, வரத்தோடு திரும்புவதுதான் உலகத்துக்கே பொதுவான ஒரு வீரனின் பயணம் என்று 1949-ல் எழுதியவர் ஜோசப் கேம்பல். 1980-களில் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் வோக்லர் அதைச் சில பக்கக் குறிப்பாகச் சுருக்கி எழுதினார். அது கைமாறிக் கைமாறித் திரைக்கதைப் பாடமாகவே ஆகிவிட்டது. புழை அண்ணாவின் மகன் பார்க்கும் காணொளிகளின் மூலத்தைத் தேடிப்போனால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

நம் பக்கம் வேறு கணக்கு. நாட்டிய சாஸ்திரம் கதைக்கு ஐந்து சந்தி, அதாவது ஐந்து கட்டம், வகுத்தது, ஆனால் அதன் நோக்கம் முழுக்கப் பார்க்கிறவருக்குள் எழும் ரசத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாடு எட்டைச் சொல்கிறது. சிரிப்பு, அழுகை, இளிவரல் என்று எல்லாம் மனிதர் உடம்பில் தெரிகிற விஷயங்கள். செய்யுளியலில் உரைநடையை வகைப்படுத்தும் இடத்தில் பொய்ம்மொழி என்று ஒன்று வரும். அதற்குப் பேராசிரியர் உரை எழுதும்போது, ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்லும் கதையை உதாரணம் காட்டுகிறார். பாட்டி சொல்லும் கதைக்கு இலக்கண உரையில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கேட்பவரைப் பற்றி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குணாட்டியர் கதை. கதாசரித்சாகரத்தில் வருகிறது. ஏழு லட்சம் சுலோகங்களைப் பைசாச மொழியில் தன் ரத்தத்தால் எழுதி அனுப்புகிறார், ராஜா சாதவாகனன் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறான். குணாட்டியர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு நெருப்பில் போடுகிறார். மான், பன்றி எல்லாம் மேய்ச்சலை மறந்து கண்ணீரோடு நிற்கின்றன. அரண்மனைக்கு வந்த கறி கொழுப்பில்லாமல் வறண்டுபோய் இருக்கவே, என்ன காரணம் என்று விசாரித்த பிறகுதான் ராஜா ஓடி வருகிறான். அதற்குள் ஆறு லட்சம் எரிந்துவிட்டது. மிஞ்சியது பிருகத்கதை. அந்த மரபில் வந்த உதயணன் கதையைத்தான் கொங்குவேளிர் பெருங்கதையாகப் பாடினார். அவர் விசயமங்கலத்துக்காரர், வாளையாறுக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான். கதை நல்லதா என்று விலங்குகளின் பட்டினியை வைத்து அளந்த கதையை எழுதியவர், கேட்பவரைக் கோட்பாட்டின் நடுவிலேயே வைத்துவிட்டார் என்பது என் கருத்து.

நகரித் தறி:

அண்ணா, நான் இன்னொரு சித்தூர். ஆந்திரா சித்தூர் பக்கம், நகரி.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பதினெட்டு நாள் வைக்கிற ஊர் உண்டு, குறைத்தும் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாட்டைச் சொல்லி அர்த்தம் சொல்வார். தமிழ் ஆட்களும் தெலுங்கு ஆட்களும் ஒரே பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியக்காரன் ரெண்டு பாஷையிலும் பேசிச் சமாளிப்பான்.

வாளையாறு சார் கேட்டதற்கு என் பதில். எங்கள் ஊரில் யாரும் "கதை கேட்கப் போகிறேன்" என்று மட்டும் போவதில்லை. மழை இல்லையா, விராட பருவம் படிக்கச் சொல்வார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்து காரியம் முடிகிற ராத்திரி, கர்ண மோட்சம் ஆடவைப்பார்கள். அன்றைக்குக் கர்ணன் குந்தி மடியில் சாயும்போது அழுகிறவர்கள், போன வாரம் செத்த அப்பாவுக்காகத்தான் அழுகிறார்கள். அர்ச்சுனன் தபசுக்கு உயரமாக ஒரு மரம் நடுவார்கள். வேஷம் கட்டினவர் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, மேலே இருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கிடைக்குமா என்று அவர்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தனக்குக் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுத்த மாதிரி செய்து வைத்திருப்பார்கள். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு, காந்தாரி புலம்பல் வரும். விழா முழுக்கத் துரியோதனனைத் திட்டிய கிழவிகள் அந்தப் புலம்பலில் சேர்ந்து அழுவார்கள். பெற்றவள் அழுகிறாள் அல்லவா.

இதை வழிபாடு, கதை இல்லை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

வாளையாறு:

நகரி தம்பி, "தனக்குக் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்" என்று எழுதினீர்களே, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆவல் என்பது எப்போதும் கதைக்குள்ளேயேதான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கூத்து புரியாது, ஒத்துக்கொள்கிறேன். என் கட்சியை விடவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மறுவாசிப்பு:

பொள்ளாச்சியிலிருந்து. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் புழை அண்ணா ஊர்.

புழை அண்ணா விரிப்பைப் பற்றிச் சொன்னதற்கு யூகோஸ்லாவியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1933 முதல் 1935 வரை அங்கே போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் பல்லாயிரம் அடிகளை எப்படிப் பாடுகிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்தார். ஹோமர் பாடல்களும் இப்படித்தான் வாய்மொழியாக உருவாகியிருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அவர் சீக்கிரம் இறந்துவிட்டார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையை 1960-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அதில் அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகரைப் பற்றி ஒரு சம்பவம். வேறொரு பாடகர் பாடிய கதை ஒன்றை, அவ்தோ அதற்கு முன் கேட்டிராத கதை, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார் பாரி. முடிந்ததும், இப்போது நீ இதைப் பாட முடியுமா என்று கேட்டார். முதல் பாடகர் பாடியது 2,294 அடி. அவ்தோ பாடியது 6,313 அடி. புதிதாகச் சம்பவம் எதையும் பெரிதாகச் சேர்க்கவில்லை. சபை கூடியதை, குதிரையை அலங்கரித்ததை, வீரனுக்குள் ஓடிய எண்ணத்தை விரித்தார், அவ்வளவுதான். ப்ராப் கணக்கில் பார்த்தால் ரெண்டும் ஒரே கதை. கேட்டவர்களுக்கு அப்படி இருந்திருக்காது.

நம் கொங்கிலும் இது நடந்தது. அண்ணன்மார் சாமி கதை, பொன்னர் சங்கர் கதை. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியல் அறிஞர் 1965-ல் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் உடுக்கை அடித்துப் பாடியதை முழுக்கப் பதிவு செய்தார். பிறகு அதே பாடகரிடம் எழுத்துக்காகச் சொல்லவைத்த வடிவமும் அவரிடம் இருந்தது. ரெண்டும் ஒன்றுபோல் இல்லை. முன்னால் சனம் உட்கார்ந்திருக்கும்போது வந்த கதை வேறு, எழுதிக்கொள்கிறவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்ன கதை வேறு. அதே கதையை அவர் பின்னாளில் 26 பகுதிகளாக அனிமேஷனாகவும் கொண்டுவந்தார்.

இப்போது என் கேள்வி. கேட்பவர் இல்லாவிட்டால் சொல்வது சுருங்கும் என்றால், ஆளே இல்லாத கூத்துமாடத்தில் புலவர்கள் ஏன் விடிய விடிய விரிக்கிறார்கள்? புழை அண்ணா, உங்கள் உதாரணமே உங்கள் கட்சிக்கு எதிராக நிற்கிறதே.

சித்தூர்ப்புழை:

மறுவாசிப்பு, இந்தக் கேள்விக்காகவே இழை தொடங்கியது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

மாடத்துக்கு வெளியே ஆள் இல்லை, உள்ளே இருக்கிறார்கள். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் கவனித்திருக்கிறார்: புலவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் அந்த அமைப்புதான் கூத்தை நடத்திச் செல்கிறது. நான் மாடத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் திரையில் ரெண்டு நிழல் அசையாமல் நிற்கும். உள்ளே ஒரு புலவர் பாவையைத் திரையில் குத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எதிராளி அடுத்து எந்தப் பாட்டை எடுக்கப்போகிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற பையன் அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறான். அவர்களில் யாரிடமும் தப்பாக ஒரு பாட்டைச் சொல்லித் தப்ப முடியாது. ஆயிரம் பேர் கூட்டத்தைவிடக் கடினமான சபை அது.

அதனால் என் கட்சியைக் கொஞ்சம் கூர்மையாக்கிச் சொல்கிறேன். கதையை விரிக்க வைப்பது கேட்பவரின் எண்ணிக்கை கிடையாது. தன் அளவுக்குக் கதை தெரிந்த ஒருவர் எதிரே இருந்தால் போதும். முடிவு தெரியாதவரிடம் சொல்லும்போது சம்பவத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவரிடம் சொல்லும்போதுதான் பரதன் என்ன நினைப்பான் என்று கேட்க முடியும்.

தெரிந்தவர்கள் மத்தியில் கதை அப்படியே உறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தக் கூத்தில் சம்புகுமாரன் என்று ஒருவன் வருவான், சூர்ப்பணகையின் மகன். காட்டில் தவம் இருந்தவனை இலக்குவன் தெரியாமல் வெட்டிவிடுகிறான். கம்பனில் இது கிடையாது. கம்பன் பாட்டையே பாடுகிறவர்கள், கம்பனில் இல்லாத ஒரு தாயின் துக்கத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பஞ்சவடிக்கு வரும்போது, மூக்கறுபடப்போகிற அரக்கியாக மட்டும் அவளைப் பார்க்க முடியவில்லை.

நகரித் தறி:

மகனை வெட்டிவிட்டார்களா? எங்கள் பிரசங்கியார் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. இது எங்கிருந்து வந்தது?

குப்பத்து டீச்சர்:

தம்பி, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தில் ஜம்புகுமாரன் என்று வருவான். அதற்கும் வெகுகாலம் முன்னால் விமலசூரி பிராகிருதத்தில் எழுதிய சமண ராமாயணத்திலும் இலக்குவன் கையால் சாகும் சம்புகன் இராவணனின் தங்கை மகன்தான். பாலக்காட்டுக்கு எந்த வழியாக வந்தது என்று தடம் பிடிப்பது கஷ்டம். கதைக்கு எந்தச் சோதனைச்சாவடியும் கிடையாது.

தெரிந்தவர்களுக்குச் சொல்லும் கதை என்றதும் தெலுங்குப் பெண்கள் பாடும் ராமாயணப் பாட்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் பெண்கள் பெண்களுக்காகப் பாடுவது. அதில் "லட்சுமணன் சிரிப்பு" என்று ஒரு பாட்டு. பட்டாபிஷேகம் முடிந்து சபை நிறைந்திருக்கிறது. லட்சுமணன் திடீரென்று சிரிக்கிறான். சபையில் இருக்கும் ஒவ்வொருவரும், தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று தலை குனிகிறார்கள். சிவனுக்கு அவருடைய குறை ஞாபகம் வருகிறது, சீதைக்கு அவளுடையது. இராமனுக்குக் கோபமே வந்துவிடுகிறது. உண்மையில் நடந்தது என்னவென்றால், பதினாலு வருஷம் தள்ளிவைத்த நித்திராதேவி அந்த நேரம் பார்த்து அவனிடம் வந்து நின்றாள். அதற்குத்தான் சிரித்தான்.

சீதை எதற்காகத் தலை குனிந்தாள், சிவன் எதற்காகக் குனிந்தார் என்பது முழுக் கதையும் தெரிந்தவர்களுக்குத்தான் சுருக்கென்று படும். ராமாயணம் தெரியாத ஒருவரிடம் இந்தப் பாட்டைப் பாடினால் ஒன்றுமே நடக்காது. தூங்காமல் விழித்திருந்த வீட்டுப் பெண்கள் இதைத் தூக்கத்தை வைத்துக் கட்டியதும் சும்மா வந்ததில்லை என்று எனக்குத் தோன்றும்.

வாளையாறு:

சரி, என் கட்சிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் தெரிந்த கதையையே சொல்கிறீர்கள். தெரியாத கதையைச் சாதாரண சனத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை விட்டுவிட்டீர்கள்.

கேரளத்தில் இருக்கிறோம், கதாப்பிரசங்கத்தைச் சொல்லாமல் எப்படி? ஹரிகதை, காலட்சேப மரபிலிருந்து கிளைத்து 1920-களில் உருவான கலை. ஒருவரே நின்று, கையில் சப்ளாக்கட்டையோடு, பின்னால் ஹார்மோனியம் தபலா வைத்துக்கொண்டு சொல்வது. கொல்லத்துக்காரர் வி. சாம்பசிவன் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைச் சொன்னார். டால்ஸ்டாய் நாடகத்தை அனீஸ்யா என்று சொன்னார். கோயில் திருவிழா மைதானத்தில், வயலில் வேலை முடித்து வந்து உட்கார்ந்தவர்கள் மத்தியில். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா சாவாளா மாட்டாளா என்று அவர்களுக்குத் தெரியாது. கைக்குட்டை எங்கே போயிற்று என்ற பதைப்பு அந்தக் கூட்டத்துக்கு நிஜம். என் அப்பா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர். ஆவலை மட்டமாகப் பேசினால் அந்த மனிதர்களின் ராத்திரியை மட்டமாகப் பேசியதாக ஆகிவிடும் என்று எனக்குப் படுகிறது.

ஜப்பானில் 1930-களில் தெருத் தெருவாக ஒரு வியாபாரம். சைக்கிளில் மரச்சட்டம், அதில் படம் வரைந்த அட்டைகள். ஓர் அட்டையை உருவினால் அடுத்தது. மிட்டாய் வாங்கிய பிள்ளைகளுக்கு முன்வரிசை. சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் வருவார்கள். கமிஷிபாய் என்று பெயர். அதே நாட்டில் மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன பென்ஷி என்பவர்களுக்கு நட்சத்திர நடிகர் அளவுக்கு ரசிகர்கள். படம் புதிது, முடிவு தெரியாது.

மறுவாசிப்பு:

வாளையாறு சார், பென்ஷியைச் சொன்னது உங்களுக்கே எதிராகப் போகிறது. ஒரே படத்தை வேறு வேறு பென்ஷி சொல்லிக் கேட்கச் சனம் போயிருக்கிறது. படம் தெரிந்த பிறகும். பொன்னியின் செல்வனும் அப்படித்தான், வாரம் வாரம் காத்திருந்தது உண்மை, ஆனால் புத்தகமாகக் கட்டி இன்று வரை திரும்பத் திரும்பப் படிப்பது எதனால்?

ஆனாலும் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை நான் மறுக்க மாட்டேன். முதல் முறை கேட்பதற்கு ஒரு மரியாதை உண்டு.

இரண்டாமாண்டு:

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன், ஊர் வேலந்தாவளம். படம் வந்த அன்று கதையைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், ஸ்பாய்லர் என்று. அதே நண்பர்கள் பார்த்து முடித்த படத்தைப் பற்றி ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஒருவர் அக்கக்காகப் பிரித்துப் பேசும் காணொளியை விரும்பிப் பார்க்கிறார்கள். நானும்தான். புழை அண்ணா எழுதியதைப் படித்தபோது, நாங்கள் தேடிப்போவதும் அந்தச் சந்தேகம் கேட்கிற பாவையைத்தான் என்று தோன்றியது. பாடத்தில் ப்ராப், கேம்பல் ரெண்டு பேரும் இருக்கிறார்கள். தோல்பாவைக்கூத்து ஒரு பத்தியில் "நாட்டுப்புறக் கலைகள்" என்ற தலைப்பில் இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். கண்ணகி கதையை எந்தக் கணக்கில் வைப்பது? எங்கள் வகுப்பில் அதை வீரனின் பயணத்தில் பொருத்தச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை.

சித்தூர்ப்புழை:

தம்பி, பொருந்தாததில் ஆச்சரியமே இல்லை. அவள் எங்கேயும் வரம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பவில்லை. நகரம் எரிகிறது, அவள் மேற்கே நடந்து மலைநாட்டுக்கு வருகிறாள்.

சிலப்பதிகாரப் பதிகத்தைத் திறந்து பாருங்கள். கதை தொடங்குவதே கதை சொல்லும் இடத்தில்தான். மலைக்குறவர்கள் இளங்கோவிடம் வந்து, ஒரு முலை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றாள், தேவர்கள் அவளைக் கணவனோடு சேர்த்து அழைத்துப் போனார்கள் என்று சொல்கிறார்கள். கண்ணால் கண்டார்கள், ஆனால் அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த சாத்தனார், நடந்தது எனக்குத் தெரியும் என்று மதுரைக் கதையைச் சொல்கிறார். முடிவு ஒருவரிடமும் காரணம் இன்னொருவரிடமும் இருக்கிறது. ரெண்டையும் கேட்ட ஒருவர் காப்பியம் பாடுகிறார். முடிவை முதலிலேயே அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் புகார்க் காண்டத்துக்கே போகிறார் இளங்கோ.

அதன் பிறகு இந்தக் கதை போன வழியைப் பாருங்கள். இலங்கையில் சிங்களவர் பத்தினி தெய்வத்துக்கு எடுக்கும் சடங்கில், கொலையுண்ட கணவன் பாலங்கன் திரும்ப உயிர் பெறுகிறான். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதையைப் பாடுவார்கள். பாண்டிய ராஜாவின் வதம் பாடி முடிந்ததும்தான் பொங்கல் அடுப்பில் தீ வைப்பார்கள். லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்புக் கூட்டி அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறார்கள். ராஜா சாவாரா என்று யாரும் காத்திருக்கவில்லை. இங்கே கதையின் உச்சம், கேட்பவர் கையில் இருக்கும் தீக்குச்சியில் நடக்கிறது. இதற்கு ப்ராப்பிடம் எண் கிடையாது. உங்கள் வகுப்பில் இதையே எழுதிக் கொடுங்கள், மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

வாளையாறு, உங்கள் அப்பா கேட்ட ஒதெல்லோவை நான் என் கட்சிக்குள் இழுக்கப் போவதில்லை. அது தனியாகப் பேசவேண்டிய விஷயம். புதுக் கதையைச் சொல்ல வேறு ஒரு திறமை வேண்டும், சாம்பசிவனுக்கு அது இருந்தது. நான் சொல்வதெல்லாம், அந்தத் திறமைக்கு மட்டுமே இன்று பாடநூல் இருக்கிறது, விரிப்பதற்குப் பாடநூல் இல்லை என்பதுதான். அந்தப் பாடம் மாடத்துக்குள் எண்ணெய் ஊற்றுகிற பையனிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் கல்லூரி விழாவுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தருகிறார்கள். காந்தி கதையைக்கூடப் பாவையில் செய்திருக்கிறார்கள். பிழைப்புக்கு அது வேண்டும், கூத்து வெளியுலகுக்குத் தெரியவந்ததும் அதனால்தான். ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்தச் சந்தேகம் கேட்கும் பாவைதான். போர் மிஞ்சுகிறது, பேச்சு போய்விடுகிறது.

இரண்டாமாண்டு:

அண்ணா, முழு இரவு கேட்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

சித்தூர்ப்புழை:

கவளப்பாறை ஆரியங்காவு, ஷொரணூருக்குப் பக்கம், 21 இரவு நடக்கும். பாலப்புறம் சினக்கத்தூர்க் காவிலும் உண்டு, அங்கே பாலகாண்டத்திலிருந்தே தொடங்குவார்கள். தேதி கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். இராவண வதத்தன்று கூட்டம் இருக்கும், அதற்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு நாள், யாரும் வராத நாளாகப் பார்த்துப் போங்கள். கம்பராமாயணம் யுத்த காண்டத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

நகரித் தறி:

அப்படியே எங்கள் பக்கமும் வாங்க தம்பி. சித்திரைக்கு மேல் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டேதான் இருக்கும். படுகளத்துக்கு எல்லாரும் வருவார்கள். நீங்கள் பகல் பிரசங்கத்துக்கு வாங்க. சூதாட்டம் நடக்கிற அன்று முன்வரிசையில் எங்கள் ஊர்க் கிழவிகள் பிரசங்கியாரை மடக்கிக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லாமல் அவரை அடுத்த பாட்டுக்கு விடமாட்டார்கள்.